கம்பவுண்டருக்கு முதல் மாலை

இப்போது சொல்லப்போகிற கதையை நானே பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஊருக்குப் போய், அந்த உரக்கடைக்காரன் அடித்துச் சொன்னான் என்று நீங்கள் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

உட்காருங்கள். அந்த மூட்டை மேலேயே உட்காரலாம், பொட்டாஷ்தான், வேட்டியில் ஒட்டாது. பஸ் வர நேரம் இருக்கிறது. படம் எடுத்தாயிற்றா? கூண்டுக் கம்பிக்கு நடுவில் போனை விட்டு எடுத்தால் சிலை முகம் முழுசாக வரும். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். உங்கள் அம்மா சந்தோஷப்படுவார்கள். அந்தக் காலத்து அம்மாக்கள் எல்லோருக்கும் கம்பவுண்டர் பொன்னையா என்றால் உசிர்.

ஏன் கூண்டு என்று கேட்டீர்கள். எதிரே டீக்கடையில் கேட்டிருந்தால் மாஸ்டர் ஒரு கதை சொல்லியிருப்பார். நல்ல கதை. கேட்டால் உங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் அது அவர் பார்த்ததில்லை. அத்தான் சொன்னது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அத்தான் சொன்னதைத்தான் சொல்வார்கள். அத்தான் என்றால் என் அக்கா சந்தனத்தின் வீட்டுக்காரர், உலகநாதன். அந்தச் சிலைக்குக் கீழே வெட்டுப்பட்டுச் செத்தது என் அண்ணன். கொம்பையா என்று பெயர்.

இல்லை, இல்லை, எழுந்திருக்க வேண்டாம். பழைய விஷயம்.

பொன்னையா வந்த அந்த டிவி சீரியலை இந்த ஊரில்தான் எடுத்தார்கள். வாரம் ஒரு நாள்தான் வரும். பொன்னையா அரசாங்க ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். டாக்டர் வரவே மாட்டார். இவர்தான் எல்லாருக்கும் ஊசி போடுவார், கட்டுப் போடுவார், புருஷன் பெண்டாட்டி சண்டையையும் தீர்த்து வைப்பார். ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்வார், உங்கள் அம்மா சொல்லியிருப்பார்களே. “வலிக்கும். கொஞ்ச நேரம்தான்.” அவ்வளவுதான் வசனம். அதை அவர் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. பொய் சொல்லாத மனுஷன் என்று தோன்றும். வலிக்காது என்று சொல்கிறவர்கள்தானே நாம் பார்க்கிற எல்லாரும்?

என் அண்ணன் அதில் நடித்திருக்கிறான். ஒரே ஒரு காட்சி. வண்டிச் சக்கரத்தில் விரல் நசுங்கியவனாக வந்து கையை நீட்டுவான், கம்பவுண்டர் கட்டுப் போட்டு அனுப்புவார். படம் எடுத்து முடிந்த பிறகும் அண்ணன் அந்தக் கட்டைப் பிரிக்கவில்லை. அழுக்காகி நாறுகிற வரைக்கும் கையில் சுற்றிக்கொண்டே திரிந்தான்.

“ஏலே கொம்பையா, உள்ள புண்ணு இருக்கால?” என்று தெருவில் கேட்பார்கள்.

“இருக்கு. ஒனக்குத் தெரியாது.”

அப்படிப்பட்ட ஆள். கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த நடிகர் இறந்துபோன பிறகு சிலை வைக்க வேண்டும் என்று ஊரே கிளம்பியது. நடிகருக்கு இல்லை. அவர் எந்த ஊரோ என்னவோ. கம்பவுண்டருக்கு. ஊர் கூடி எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான். தலைவர்கள் சிலை செய்கிற ஆளிடம் கொடுத்தோம். அவனிடம் இருந்தது தலைவர்கள் அச்சு. அதனால்தான் நம்ம கம்பவுண்டர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பார்த்தீர்களா? புத்தகம் இருக்க வேண்டிய கையில் ஒரு துணிச்சுருளை வைத்துவிட்டான். சிமெண்டு துணி.

சிலை வந்து இறங்கி, சாக்கு போட்டு மூடி நின்றது. அப்போதுதான் ஒருத்தன் கேட்டான், முதல் மாலை யார் போடுவது?

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வடக்குத் தெரு ஒரு சாதி, தெற்குத் தெரு ஒரு சாதி. பெயர் வேண்டாம், நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை. நாங்கள் வடக்கு. சிலை நிற்கிற இடம் இரண்டு தெருவும் சேருகிற முக்கு. யாருடைய ஆளுக்குச் சிலையோ அவர்கள்தான் முதல் மாலை போட முடியும். அப்படியானால் கம்பவுண்டர் யாருடைய ஆள்? சீரியலில் ஒரு இடத்தில்கூட அவர் என்ன சாதி என்று சொல்லவில்லை. எழுதியவன் கெட்டிக்காரன், தாண்டிப் போய்விட்டான். நாங்கள் தாண்டவில்லை. ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டோம்.

“வடக்குத் தெரு வீட்லதானவே குடியிருந்தாரு? அப்ப எங்க ஆளு.”

“குடியிருந்தது வாடகைக்குவே. அவுக அப்பா செத்ததுக்கு எந்தச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனாக? எங்க சுடுகாட்டுக்கு. வாடகைக்கு எவனாவது சுடுகாடு எடுப்பானா?”

யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள், சரி. அன்றைக்கு அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் பதில் இல்லை. இருக்கிறவனுடைய வீட்டை வைத்து ஏமாற்றலாம், செத்தவன் போகிற பாதையை வைத்து ஏமாற்ற முடியாது இல்லையா? டைரக்டர் அந்தச் சுடுகாட்டை எடுத்ததற்குக் காரணம், அங்கே மரம் இல்லை, வெளிச்சம் நன்றாக விழுந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதைக் கூட்டத்தில் சொன்னேன். “நீ உரத்தை நிறுடே” என்றார்கள்.

கடைசியில் விழாக் கமிட்டித் தலைவர் என்ற முறையில் அத்தான் போடுவது என்று எங்கள் தெரு தானாகவே முடிவு செய்து நோட்டீஸ் அடித்துவிட்டது. தெற்குத் தெரு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது.

அண்ணனுக்கு மட்டும் வேறு யோசனை. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நிஜமாகவே எல்லாருக்கும் கட்டுப் போட்டவர்கள் எஸ்தரம்மா. நர்சாக இருந்து ரிட்டயர் ஆகி இங்கேயே இருந்தார்கள். வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தபோது பிரசவம் பார்த்ததே அவர்கள்தான் என்று அம்மா சொல்வாள். அண்ணன் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். நானும் இருந்தேன்.

“மொத மாலை எஸ்தரம்மா போடட்டும் அத்தான்.”

“நோட்டீஸ்ல என் பேரு போட்டாச்சே மாப்ளே.”

“நோட்டீஸ்தான, நாளைக்குப் பொட்டலம் மடிச்சிருவான்.”

“ஊருக்கு முன்னால என் மூஞ்சிய எங்க வச்சுக்கிடச் சொல்லுத?”

“கம்பவுண்டர் எங்க வச்சிருந்தாரோ அங்க வைங்க.”

அத்தான் சிரித்தார். நான் பார்த்தேன், நன்றாகத்தான் சிரித்தார். சிரித்துவிட்டு, கை கழுவாமல் எழுந்து வெளியே போனார். அக்கா செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள். கோபக்காரர் இல்லை அவர். எனக்குப் பெண் பார்த்தது அவர். இந்தக் கடைக்கு லைசென்ஸ் வாங்க அலைந்தது அவர். அதையும் சேர்த்துத்தான் நீங்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

அந்த நாளுக்கு வருகிறேன். நல்ல வெயில். சிலைக்கு நேர் மேலே கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, ரேடியோ செட்டில் சீரியல் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை நீங்கள் நினைத்துப் பார்க்க முடியாது. இந்தக் கடை ஷட்டர் நடுங்கியது. என்னிடம் வெற்றிலை கேட்டவன் என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினான், கேட்கவில்லை, கடைசியில் கையால் காட்டினான். நான் இந்த வாசலில் நின்றேன். அத்தான் அங்கே சிலைக்குப் பக்கத்தில், தாம்பாளத்தில் மாலையை வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் எஸ்தரம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். நேராக வந்தான். அத்தான் ஏந்தியிருந்த தாம்பாளத்திலிருந்து மாலையை எடுத்தான், அந்த அம்மா கையில் கொடுத்தான், பெஞ்சு மேலே ஏற்றிவிட்டான். அத்தான் வெறும் தாம்பாளத்தை ஏந்தியபடி நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தேன். எஸ்தரம்மா சாக்கை விலக்கி மாலையைப் போட்டார்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் புத்தி போனது அப்போதுதான்.

முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாது. அந்த அம்மா நெற்றியில் பட்டது. மூக்குக் கண்ணாடி உடைந்து கண்ணுக்குள் இறங்கியது. கடைசிவரை ஒரு கண் இல்லாமல்தான் இருந்தார்கள். அண்ணன் அவர்களைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சிலைக் காலில் முதுகை வைத்து நின்றான். பெஞ்சை உடைத்து அந்தக் காலால் அடித்தார்கள். ஒருத்தன் பல்லைத் துப்பிக்கொண்டே இன்னொருத்தனை அடித்தான். வாழைத்தாருக்குக் கொண்டுவந்த அருவாளா, வீட்டிலிருந்தே கொண்டுவந்ததா, தெரியாது, தெற்குத் தெரு மாசானம் கையில் அருவாள் இருந்தது. அது ஏறியதைப் பார்த்தேன். இறங்கியதையும் பார்த்தேன். அண்ணன் ஒரு பக்கமாகச் சரிந்தான். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். முதுகுகளும், ஏறி இறங்குகிற கைகளும். சத்தமே இல்லை. பாட்டு மட்டும்தான். நான் நகரவில்லை. நகர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஒன்றும் நடந்திருக்காது என்பது என் முடிவு.

செட்டுக்காரன் ஓடிவிட்டான், அதனால் பாட்டு நிற்கவில்லை. மாசானம் வெறுங்கையோடு ஓடினான். அவன் பின்னால் ஒரு கூட்டம் ஓடியது. அதற்குப் பிறகும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். அப்போது பார்க்கிறேன், அத்தான் தரையில் உட்கார்ந்திருக்கிறார், அண்ணன் தலை அவர் மடியில். அண்ணன் காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு வெட்டு. கழுத்தில் ஒரு வெட்டு. அத்தான் சட்டை முழுக்க ரத்தம். “மச்சினன் மேல எம்புட்டு பாசம், எப்படித் தாங்கிட்டு இருக்காரு பாரு” என்று பக்கத்தில் ஒருத்தர் அழுதார். நானும் அழுதேன்.

அத்தான் சொன்னது இதுதான். கல் விழுந்ததும் கூட்டம் அவரை நெருக்கித் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தள்ளிவிட்டது. அதோ, அந்த வேம்பு நிற்கிறதே, அதுதான் வாசல். அங்கிருந்து பார்த்தார். மாசானம் அண்ணன் காலை வெட்டினான். அண்ணன் விழுந்தான். மாசானம் குனிந்து அண்ணன் தலைமுடியைப் பிடித்தான், பிடித்துக்கொண்டு சொன்னான், “வலிக்கும். கொஞ்ச நேரம்தான்.” சொல்லிவிட்டுக் கழுத்தை வெட்டினான். அத்தான் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது.

கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். கம்பவுண்டருடைய வார்த்தை. அதை இப்படி ஒருத்தன் சொல்வானா? அந்த வார்த்தைதான் எங்கள் தெருவைக் கிளப்பியது. கொலைக்காகக்கூட இல்லை, அந்த வார்த்தைக்காகப் போனார்கள். தெற்குத் தெருவில் கூரைகள் எரிந்தன. மாடு கட்டியிருந்த தொழுவத்தையும் விடவில்லை. நானும் போனேன், என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். கையில் கம்பு இருந்தது, எல்லார் கையிலும் இருந்தது. மாசானத்தின் அம்மா வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். அவள் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது. எலும்பு வெளியே வந்துவிட்டது. யார் கம்பு என்று அந்தக் கூட்டத்தில் யார் சொல்ல முடியும்?

கேஸ் நடந்தது. அத்தான் சாட்சி சொன்னார். மாசானத்துக்கு ஆயுள். கலெக்டர் உத்தரவில் சிலைக்குக் கூண்டு வந்தது, பூட்டு வந்தது. சாவி ஸ்டேஷனில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், அண்ணன் செத்த நாளில் மட்டும் திறப்பார்கள். அன்றைக்கு முதல் மாலை அத்தான் போடுவார். யாரும் மறுப்புச் சொல்வதில்லை. உயிரைக் கொடுத்த வீடு இல்லையா?

பல வருஷம் கழித்து மாசானத்தை விட்டுவிட்டார்கள். அதோ, கூண்டுக்குப் பக்கத்தில் பூ விற்கிறாளே ஒரு கிழவி, கை ஒரு பக்கம் வளைந்து, அவள்தான் அவன் அம்மா. அவன் அவளுக்கு நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் யாரையும் பகைத்தவன் இல்லை. அவர்களிடம் பூ வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

போன மழைக்கு முன்னால் அவன் இந்தக் கடைக்கு வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றான். உட்காரவில்லை, நானும் சொல்லவில்லை. யூரியா கேட்டான். எடை போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

“அண்ணாச்சி, காலை வெட்டுனது நான்தான். இல்லன்னு எங்கயும் சொல்லல. கழுத்து நான் இல்ல.”

“பின்ன யாரு?”

“தெரியாது. ரத்தத்தப் பாத்ததும் எனக்குக் கை விட்டுப்போச்சி. அருவாளப் போட்டுட்டு ஓடிட்டேன். அது அங்கனதான் கெடந்துச்சி.”

“கோர்ட்ல சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். காலை வெட்டுனவன் கழுத்த வெட்ட மாட்டானான்னு கேட்டாக. நான் என்ன சொல்ல?” தராசிலிருந்து பையை இறக்கினான். “செயில்ல இருந்தது கூட எனக்குச் சரிதான் அண்ணாச்சி. ஒரு காலை வெட்டியிருக்கேன்லா. ஆனா அந்த வார்த்தைய நான் சொன்னேன்னு சொல்லுதாகளே, அதுதான் தாங்க முடியல. நானும் அந்த டிவிப் பொட்டி முன்னால ஒக்காந்து வளந்தவன்தான். அவரு வார்த்தைய அப்படிச் சொல்லுவனா?”

“இப்ப எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுத?”

“சும்மாதான். எங்கம்மா கைய ஒடிச்சது யாருன்னு நான் கேட்டனா ஒங்ககிட்ட?”

யூரியாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் கடைசியாகச் சொன்னதை ஏன் என்னிடம் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் மற்றது விளங்கியது. அதற்கு முன்பே விளங்கியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் காதுக்குள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வேம்புக்குக் கீழே நின்ற அத்தானுக்கு, சிலைக்கடியில் ஒருத்தன் குனிந்து சொன்னது எப்படிக் கேட்டது? இத்தனை வருஷமும் டீக்கடையில் அந்தக் கதை ஓடும்போதெல்லாம், அந்த வார்த்தை வரும் இடத்தில் நான் எழுந்து போய்விடுவேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன்.

சொன்னவன் ஒருத்தன், கேட்டவன் ஒருத்தன். கேட்டவன் செத்துப்போனான். மூன்றாவதாக ஒருத்தருக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்க வழியே இல்லை. அப்புறம் என்ன? மாசானம் விட்டுவிட்டுப் போன அருவாள் அங்கே கிடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தலை யார் மடியில் இருந்தது என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்படியெல்லாம் இருக்காது என்றும் தோன்றும். ஒரு மாலைக்காகவா? கதைக்கு உப்பு வேண்டும் என்று பிற்பாடு அந்த வார்த்தையைச் சேர்த்திருக்கலாம் இல்லையா? மனுஷர்கள் சேர்க்கிறார்கள். நானே சேர்த்திருப்பேன், உங்களுக்குச் சொன்னதில். அதைவிட, அக்கா இருக்கிறாள். ஒரு தம்பியைக் கொடுத்துவிட்டு, அந்த மனுஷன் ஒருத்தரை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். அந்தச் சட்டையைத் துவைத்து, ரத்தம் போகாமல், மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். தம்பி ரத்தம், புருஷன் சட்டை. நான் வாயைத் திறந்தால் அவளுக்கு என்ன மிச்சம்?

இந்த வருஷத்து நாள் வந்தது. போன வெள்ளிக்கிழமைதான். மாலைகூட இன்னும் வாடி முடியவில்லை, உங்கள் படத்தில் விழுந்திருக்கும் பாருங்கள். ஏட்டு வந்து பூட்டைத் திறந்தார். வெளியூர்க் காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். அத்தான் அவர்களுக்குக் கதை சொன்னார். வயதாகிவிட்டது, குரல் நடுங்குகிறது. ஆனால் அந்த இடம் வரும்போது நடுங்கவில்லை. “வலிக்கும். கொஞ்ச நேரம்தான்.” கம்பவுண்டர் சொல்வது மாதிரியே சொன்னார். அத்தனை மெதுவாக. பிள்ளைகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பூக்கடையில் மாசானம் தலையைக் குனிந்துகொண்டு நார் கிழித்துக்கொண்டிருந்தான்.

இத்தனை வருஷமும் எனக்குத் தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. ஒருத்தன் வெறி பிடித்து வெட்டும்போது சொல்கிற குரல் இல்லை அது. அடிபட்டுக் கிடப்பவனிடம் சொல்கிற குரல்.

கூண்டுக்குள் இரண்டு பேர்தான் நிற்க முடியும். ஏணியைப் பிடிக்க எப்போதும் நான்தான் போவேன். அத்தான் இரண்டு படி ஏறினார். அக்கா கம்பிக்கு வெளியே தாம்பாளத்தோடு நின்று மாலையை எடுத்து உள்ளே நீட்டினாள். இப்போதெல்லாம் குழாய் கட்டுவதில்லை, போலீஸ் விடுவதில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஏணி கிறீச்சிடுவது கேட்டது. அக்கா வளையல் கம்பியில் உரசியது கேட்டது.

எப்படிக் கேட்டது உங்களுக்கு என்றுதான் கேட்க நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் வாயசைவைப் பார்த்தேன் என்று சொல்லியிருப்பார். வக்கீல் குறுக்கு விசாரணையிலேயே நின்றவர். அதைக் கேட்கவில்லை. அவர் மாலையோடு கையைத் தூக்கியபோது, ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, அக்காவுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

“அந்த வார்த்தையக் கேட்டுட்டு, அண்ணன் என்ன சொன்னான் அத்தான்?”